வண்டியில் ஏறிய வண்டி

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது நம் முன்னோர் மொழி. வண்டியே வண்டியில் ஏறும் காட்சியை அவர்கள் கண்டதில்லை போலும். இன்றோ மனிதனைச் சுமக்கப் பிறந்த துவிச்சக்கர வண்டி காருக்குள் பயணம் செய்கிறது. அதற்குப் போர்வை வேண்டும், மெத்தை வேண்டும், இடிபடாத இடமும் வேண்டும். இஃதென்ன ஆடம்பரம் என்று நகைப்பவர் உளர். நகைப்பதற்கு முன், அவ்வண்டி எதனாற் செய்யப்பட்டது என்பதைக் கேட்டறிதல் நன்று.

நிவித்திகலைப் பகுதித் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு இரும்புச் சைக்கிள் வீட்டில் ஓர் ஆள் போன்றது. விறகுக் கட்டையும் சுமக்கும், அரிசி மூட்டையையும் சுமக்கும், பாரில் ஒரு குழந்தையையும் பின்னால் ஒருவரையும் ஏற்றிக்கொள்ளும். கானில் விழுந்தால் தூக்கி நிமிர்த்தித் துடைத்துவிட்டு ஏறிச் செல்வோம். எங்கேனும் கொண்டுபோக வேண்டுமாயின், லொறியில் சாக்குகளின் மேலே போட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிடுவோம். இப்பழக்கத்தோடு காபன் நார்ச் சைக்கிளை அணுகினால்தான் வினை வந்து சேர்கிறது.

நம் தமக்கையின் மகன் உயர்தர வகுப்பு மாணவன். சைக்கிள் ஓட்டப் போட்டிகளில் பெருவிருப்பு உடையவன். கடல் கடந்து வாழும் உறவினர் ஒருவர் தாம் ஓட்டிய காபன் நார்ச் சைக்கிளை அவனுக்குக் கொடுத்துதவினார். புதிதாக வாங்குவதென்றால் பல இலட்சம் ரூபா ஆகும். 2021ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டதை நாம் எவ்வளவு பெரிய செய்தியாகப் பேசினோம் என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்வண்டியின் மதிப்பு விளங்கும்.

கொழும்பில் ஒரு போட்டி வந்தது. இரத்தினபுரி, அவிசாவளை வழியாக நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். பையனின் மாமா ஒருவர் தம் காரோடும் ஒரு சுருள் கயிற்றோடும் வந்து சேர்ந்தார். காரின் கூரைமேல் வண்டியைக் கிடத்தி, பாரைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு இறுக்கத் தொடங்கினார்.

"மாமா, பாரில கயிறு போட்டு இறுக்காதீங்க!" என்று பதறினான் பையன்.

"ஏன்டா தம்பி, உன்னையே சுமக்கிற வண்டி ஒரு கயித்தைத் தாங்காதா?" என்றார் அவர்.

கேள்வி நியாயமானதே. அதற்கு விடை நம் கொழுந்துக் கூடையிலே இருக்கிறது. நாள் முழுதும் கொழுந்தின் பாரத்தைத் தாங்கும் அக்கூடையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ஒருவர் மிதித்தால் என்னாகும்? பின்னலின் வலிமை அது எந்தப் பக்கத்துப் பாரத்துக்காகப் பின்னப்பட்டதோ அந்தப் பக்கத்துக்கே உரியது. காபன் நாரும் அத்தகையதே. தலைமயிரினும் பன்மடங்கு மெல்லிய நார்களை அடுக்கடுக்காகப் பரப்பி, பிசினில் தோய்த்து, அச்சிலிட்டு, வெப்பமூட்டி இறுகச் செய்கின்றனர். நாரின் நீளவாட்டில் இழுத்தால் அதன் வலிமை வியக்கத்தக்கது. ஓட்டுபவரின் எடையையும் மிதியின் விசையையும் தாங்குமாறே அந்நார்கள் கணக்கிட்டு அடுக்கப்படுகின்றன. ஆனால் மெல்லிய சுவருடைய அக்குழாயை ஓரிடத்தில் கயிறோ இடுக்கியோ நெரித்தால், அதைத் தாங்குவதற்கென அது ஆக்கப்படவில்லை.

இத்தகைய வண்டிகளின் பெருமை பொய்யன்று. 1986இல் அமெரிக்கரான கிரெக் லெமண்ட் காபன் நார்ச் சட்டம் கொண்ட வண்டியில் பிரான்சுச் சுற்றுப் போட்டியை வென்றார். 1992இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் லோட்டஸ் நிறுவனத்தின் காபன் நார் வண்டியில் தங்கம் பெற்றார். பின்னர் வண்டிகள் மிக இலேசாகிவிடாதவாறு, 2000ஆம் ஆண்டு முதல் போட்டி வண்டியின் எடை 6.8 கிலோகிராமுக்குக் குறையலாகாது என்று அனைத்துலகச் சைக்கிள் ஓட்டச் சங்கம் விதி செய்தது.

மாமா கயிற்றைச் சுருட்டி வைத்தார். பின் ஆசனத்தை மடித்து வண்டியைக் காருக்குள்ளேயே வைப்பதென்று முடிவாயிற்று. அன்று பையன் செய்தவற்றை மாணவ நண்பர்களின் பயன் கருதி இங்கே கூறுகிறோம்.

முதலில் சங்கிலியை மிகச் சிறிய பற்சக்கரத்துக்கு மாற்றினான். அப்போது பின்சக்கரம் எளிதாகக் கழலும். சக்கரங்களைக் கழற்றியபின், முன்கவையின் இரு கால்களுக்கும் நடுவே அளவான மரக்கட்டை ஒன்றைப் பொருத்தினான். பக்கத்திலிருந்து ஏதும் அழுத்தினாலும் கால்கள் நெருங்கா. அவனுடையது தட்டு பிரேக் உள்ள வண்டி. தட்டு இல்லாத வேளையில் பிரேக் பிடியை அமுக்கிவிட்டால் உள்ளிருக்கும் கட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கிக்கொள்ளும். ஆகவே அவ்விடத்தில் தடித்த அட்டைத் துண்டைச் செருகினான். பழைய கம்பளியை விரித்து, சங்கிலிப் பக்கம் மேலே இருக்குமாறு சட்டத்தைக் கிடத்தினான். கியர் மாற்றியின்மேல் வண்டியின் பாரம் விழலாகாது என்பதே காரணம்.

சக்கரங்களைத் தனித்தனியே துணியிற் சுற்றினான். இரத்தினபுரியின் மாணிக்க வியாபாரிகள் கற்களைத் தனித்தனிக் காகித மடிப்புகளில் வைப்பது ஒன்றோடொன்று உரசாதிருக்கவே அன்றோ? அந்த நியாயம் இங்கும் பொருந்தும். ஜாக்கி, கருவிப்பெட்டி முதலிய கனமானவற்றை முன்பக்கத்தே கால் வைக்குமிடத்தில் நெருக்கி வைத்தான். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது அவை உருண்டுபோய்ச் சட்டத்தில் மோதினால், ஒரு மோதலே போதும்.

காருக்கு வெளியே ஏற்றித்தான் ஆகவேண்டுமாயின், சக்கரத்தையோ முன்கவையின் அச்சையோ பற்றும் தாங்கியே தகும். பாரைக் கவ்வும் தாங்கி ஆகாது. கூரையில் ஏற்றியிருந்தால் தாழ்ந்த வாயிலையும் மரக்கிளையையும் மறக்கலாகாது. பின்புறம் மாட்டினால், புகைக்குழாயின் சூடு டயரிலும் சக்கர வளையத்திலும் படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்து புறப்பட்டோம். அவிசாவளையைத் தாண்டும்போது, உடன் வந்த பையனின் தங்கை, பத்து வயதுச் சிறுமி, மெல்ல விசும்பினாள். என்னவென்று வினவினோம். முன்னாள் மாலை விளையாடும்போது அவள் கை பட்டு வண்டி சரிந்து வாசற்படியின் விளிம்பில் விழுந்ததாம். கீறல் ஏதும் தெரியாததால் யாரிடமும் சொல்லவில்லையாம். "அண்ணன் அடிக்கும்னு பயமா இருந்திச்சு" என்றாள்.

இரும்பு அடிபட்டால் நெளியும். நெளிவு கண்ணுக்குத் தெரியும். காபன் நார் அவ்வாறன்று. மேற்பூச்சு அப்படியே இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக் கூடும். அந்த ஊனம் பல நாள் மறைந்திருந்து, இறக்கத்தில் வேகமாய்ச் செல்லும் ஒரு வேளையில் வெளிப்படலாம். வளைவும் இறக்கமும் நிறைந்த நம் மலைச்சாலைகளில் அது நேர்ந்தால் என்னாகும் என்று சொல்லவும் வேண்டுமோ?

பையன் தங்கையை அடிக்கவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. கொழும்பை அடைந்ததும், இத்தகைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் சென்றோம். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். சிறு நாணயத்தால் குழாய்களை மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். சக்கரத்தைத் தாங்கும் பின்குழாயில் ஓரிடத்தில் மட்டும் ஒலி மங்கிக் கேட்டது. ஒலியை மட்டும் நம்பலாகாது என்று கூறி, அவ்விடத்துப் பூச்சைச் சுரண்டினார். மயிரிழை போன்ற வெடிப்பொன்று தெரிந்தது. கெட்ட அடுக்கைத் தேய்த்தெடுத்துப் புது நாரிட்டுச் செப்பனிடலாம், ஆயினும் மறுநாட் போட்டிக்கு ஆகாது என்றார்.

பையன் நண்பன் ஒருவனின் அலுமினிய வண்டியை இரவல் பெற்று ஓடினான். பரிசு வரவில்லை, பையன் முழுதாய் வீடு வந்தான்.

கம்பளியும் மரக்கட்டையும் வழியில் நேரும் இடர்களைத் தடுக்கும். வீட்டில் நேர்ந்ததை அவை அறியா. அதைச் சொல்லக் கூடியவர் கண்டவரே. ஆதலால் இத்தகைய வண்டி உள்ள வீட்டில், "விழுந்துவிட்டது" என்று ஒரு குழந்தை வந்து சொன்னால், அதன் வாயை அடைத்துவிடாதீர்கள், நன்றி கூறுங்கள்.