டிக்கியில் உறங்கும் சக்கரம்



உங்கள் வீட்டுக் காரின் நான்கு சக்கரங்களை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். டிக்கிக்குள் கிடக்கும் ஐந்தாவது சக்கரத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

ஸ்டெப்னி என்று நாம் அழைக்கும் அது, உண்மையில் ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில், டேவிஸ் சகோதரர் இருவர் 1904ஆம் ஆண்டளவில் மாற்றுச் சக்கரம் ஒன்றை உருவாக்கினார்கள். அதுவரை டயர் பழுதுற்றால், பயணி சாலையோரத்தில் அமர்ந்து அதைச் சரிசெய்தாகவேண்டும். அந்தத் தெருவின் பெயர் கடல் கடந்து, நம் சேத்துப்பட்டு மெக்கானிக் கடை வரைக்கும் வந்து நிலைத்துவிட்டது.

இதைப் போதகர் ஏன் எழுதவேண்டும் என்று கேட்பீர்களானால், காரணம் உண்டு. "ஐயா, ஜெபம் பண்ணுங்கள், அப்பாவை வேலூருக்குக் கொண்டுபோகிறோம்" என்னும் அழைப்பு நள்ளிரவில் எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. ஜெபிக்கிறேன். ஆனால் ஆள் நடமாட்டமில்லாத சாலையில் டயர் வெடித்து, ஸ்டெப்னியிலும் காற்றில்லாமற்போனால், அந்த வேளையில் செய்யக்கூடியது மிகக் கொஞ்சமே. செய்யவேண்டியதை அமைதியான ஒரு சனிக்கிழமையிலேயே செய்திருக்கவேண்டும்.

நம் நெசவாளருக்கு இது புதிதல்ல. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை அப்போதே நிறுத்தி முடிச்சிடுகிறார்கள். சேலை முடிந்தபின் அந்தப் பழுதைத் திருத்த இயலாது.

ஆகையால் இந்த வாரம் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா? ஸ்டெப்னியில் போதிய காற்று உண்டா? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 1419 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாமல் உறங்கும் ரப்பருக்கும் வயது ஏறுகிறது. ஓடும் டயர்களின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம்; மழைநாளில் தண்ணீரை விலக்கிச் சாலையைப் பற்றிக்கொள்வது அந்தப் பள்ளமே.

புதிய கார் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2020ஆம் ஆண்டு செய்யப்பட்ட விதித் திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. உங்கள் காரில் எது இருக்கிறதென்பதை இன்றே அறிந்துகொள்ளுங்கள்.

வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சக்கரம் மாற்றக் கற்றுக்கொடுங்கள். சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடவேண்டும். ஜாக்கி ஏற்றுமுன் நட்டுகளைச் சற்றே தளர்த்தவேண்டும். சக்கரத்தை இறக்கியபின் எதிரெதிராக இறுக்கவேண்டும். ஜாக்கியின்மேல் நிற்கும் காரின் அடியில் ஒருவரும் கையோ தலையோ நீட்டலாகாது.

பத்துக் கன்னிகைகளின் உவமையை நீங்கள் அறிவீர்கள். தீவட்டி பத்துப்பேரிடத்திலும் இருந்தது. எண்ணெய் ஐந்துபேரிடத்தில் மாத்திரம் இருந்தது. அந்த வித்தியாசம் மணவாளன் வருமளவும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கார் நமக்குச் சொந்தமென்று நினைக்கிறோம். அதில் ஏறுகிறவர்களின் உயிரோ நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. உக்கிராணத்துவம் என்பது காணிக்கைத் தட்டோடு முடிந்துபோவதில்லை. டிக்கியின் விரிப்புக்கடியில் கிடக்கும் அந்த ஒரு சக்கரத்தையும் அது சேர்த்துக்கொள்ளுகிறது.