ஓங்கிலின் தாய்மை

கடற்கரை மக்கள் ஓங்கில் என்றழைக்கும் டால்பின் மீனன்று என்பதை இக்காலத்துச் சிறுவரும் அறிவர். நுரையீரலால் மூச்சு விடுதல், குட்டி ஈன்று பாலூட்டுதல் என்னும் இவ்விரண்டாலும் அது பசுவுக்கும் ஆட்டிற்கும் உறவாகின்றது. பிராணி நூல் பயிலும் யாம் அதன் தாய்மையைப் பற்றிச் சிறிது படித்தும் எண்ணியும் பார்த்தவற்றை அன்பர்முன் வைக்கத் துணிகின்றோம்.

எமது இல்லத்தில் பசு வளர்த்த நாளில், அது பருவத்துக்கு வந்ததை அறிய ஒருவருக்கும் நூலறிவு வேண்டியிருந்ததில்லை. அதன் கதறலே காட்டிக் கொடுக்கும். சினை பிடிக்காவிடில் 21 நாட்களில் அக்கதறல் மீண்டும் எழும். காளைக்கு விட்ட நாளை எம் பாட்டியார் சுவரிற் கரிக்கோடிட்டு வைப்பார். ஏறத்தாழ 280 நாட்களில் கன்று துள்ளும். ஓங்கிலிடத்தோ இத்தகைய வெளிப்படையான குறி எதுவும் இல்லை. நீருக்குள் நிகழும் அதன் வாழ்வைக் கரையில் நிற்போர் கண்ணாற் கண்டு கணித்தல் அரிது.

ஆகவே அறிஞர் அதன் உதிரத்தையும் சிறுநீரையும் நாடினர். குளத்தில் வளரும் ஓங்கில், பயிற்றியவர் கைகாட்டியதும் புரண்டு கிடந்து சிறுநீரைத் தானே தரப் பழகிக் கொள்ளும். அச்சிறுநீரில் ஹார்மோன்கள் தம் செய்தியை எழுதி வைத்துள்ளன. சூலகத்தில் முட்டைப்பை வளர வளர ஈஸ்ட்ரோஜன் பெருகுகின்றது. பின்னர், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியினின்று மற்றொரு ஹார்மோன் திடீரெனப் பொங்கி எழுகின்றது. அதன்பின் ஒன்று அல்லது ஒன்றரை நாளளவில் முட்டை வெளிப்படுகின்றது. முட்டை நீங்கிய இடத்தில் தோன்றும் மஞ்சள் திரள் புரோஜெஸ்டிரோனைச் சுரந்து கருவைத் தாங்கக் கருப்பையை ஆயத்தப்படுத்துகின்றது. இச்சுற்று சுமார் 36 நாட்கள் கொண்டது. ஆண்டில் சில மாதங்களில் இச்சுற்றுகள் அடுத்தடுத்து வரும். ஏனைய மாதங்களிற் சூலகம் உறங்கும். கரு நிலைத்தால் ஏறத்தாழ 12 மாதம் சுமந்து ஒரே குட்டியை ஈனும்.

ஆயினும் ஹார்மோன் ஒன்றையே நம்பித் தீர்ப்புக் கூற முடியாது. புரோஜெஸ்டிரோன் பல வாரங்கள் உயர்ந்தே நிற்கும். வயிற்றிலோ குட்டி இராது. இதனைப் பொய்ச்சினை என்பர். செவிக்கெட்டாத ஒலியலையைச் செலுத்தி உள்ளுறுப்பைப் படமாகக் காட்டும் கருவியே இவ்வையத்தைப் போக்குவது.

நிற்க. இவ்வறிவெல்லாம் எங்ஙனம் திரண்டது? அமெரிக்க நாட்டுப் புளோரிடாவில் 1938-இல் திறக்கப்பெற்ற மரைன் ஸ்டூடியோஸ் என்னும் நிலையத்தில், 1947-இல் ஸ்பிரே என்ற பெண்குட்டி பிறந்து பிழைத்தது. அங்கேயே 1953-இற் பிறந்த நெல்லி 61 வயதுவரை வாழ்ந்து 2014-இல் மறைந்தது. ஹாங்காங்கின் ஓஷன் பார்க்கில், செயற்கை முறையாற் கருவுற்ற ஓங்கில்கள் 2001-இல் உலகிலேயே முதன்முறையாகக் குட்டி ஈன்றன. முட்டை வெளிப்படும் வேளையை ஹார்மோனாலும் ஒலிப்படத்தாலும் குறிக்கத் தெரிந்தமையாலன்றோ இது கைகூடிற்று!

இனி, எம் உள்ளத்தை உறுத்திய வினாவுக்கு வருகின்றோம். குளத்திலேயே குட்டி பிறந்தால் கடலிற் சென்று பிடிக்க வேண்டுவதில்லை என்பர் ஒரு சாரார். அஃது உண்மையே. ஆனால் அக்குட்டி கடலென்பதையே காணாது வளரும். அதன் குட்டியும் அவ்வாறே. பிடிப்பது நின்றதென மகிழுங்கால் சிறையே பரம்பரையாகி விடுகின்றது. இந்திய அரசு 2013-இல் ஓங்கில் காட்சிச்சாலைகளுக்கு இசைவில்லை என்று அறிவித்ததும், கானடா நாடு 2019-இல் இவற்றைச் சிறைவைத்து இனம்பெருக்குதலைச் சட்டத்தால் விலக்கியதும் நல்லனவே என்பது எமது துணிபு.

ஆயின், சிறையிற் பெற்ற அறிவையும் உடன் தள்ளிவிடலாமோ? கடலும் இன்று பழுதற்ற தாய்வீடன்று. 2010-ஆம் ஆண்டில் மெக்ஸிக்கோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கடல் கறுத்தது. அதன்பின் பாரட்டாரியா விரிகுடாவில் அறிஞர் ஓங்கில்களைச் சிறுபோது பிடித்து, ஒலிப்படத்தாற் சினையுற்றவற்றை அறிந்து விடுத்து, பின்தொடர்ந்து கண்காணித்தனர். அவற்றுள் உயிர்க்குட்டியைப் பெற்றெடுத்தவை நூற்றுக்கு 20 மட்டுமே. எண்ணெய் படாத பிற இடத்திலோ நூற்றுக்கு 83. வயிற்றிலிருந்து அழிந்த குட்டிகளுக்காக எவர் வழக்குரைப்பார்? கரு இருந்தது என்பதற்கே சான்று வேண்டுமன்றோ? சினையைப் படத்திற் காணவும் ஹார்மோனின் அளவைப் பொருளுணர்ந்து படிக்கவும் அறிஞர் பழகியது பெரிதும் குளத்து ஓங்கில்களிடத்தேயாகும். குளத்திலிருந்த தாய் கடலிலிருந்த தாய்க்குச் சாட்சியானாள்.

எனவே யாம் கூறுவது இது. வேடிக்கைக்காக இனியொரு குட்டியைச் சிறையிற் பிறப்பித்தல் தகாது. இன்று குளங்களில் உள்ளவற்றை இறுதிவரை அன்போடு பேணுதல் கடமை. அவை தந்த அறிவைக் கடலிலுள்ள அவற்றின் சுற்றத்திற்கே செலவிடுதல் கடன். பெற்றதைத் திருப்பித் தருதலே கடன்பட்டோர் நெறி. ஓங்கிலிடத்தும் அந்நெறி வழுவாது நிற்போமாக.