படுத்திருந்த நேரம்

நாமக்கல் பக்கம் ஒரு கிராமம், இரவு ஒன்பதரை மணி. லாரி ஓட்டுநர் ஒருவரின் நெஞ்சில் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் நின்ற அவர் மனைவி, "தூங்கறப்ப இவருக்கு மூச்சே நின்னு போயிருதுங்க தம்பி. தோளைப் புடிச்சு உலுக்குனாத்தான் மறுக்கா வருது" என்றார். ஓட்டுநர், "அவ கெடக்கறா உடுங்க, வெறும் கொறட்டை" என்றார்.

பதினான்கு வருடங்களாகத் தூக்கப் பரிசோதனைதான் எனக்குத் தொழில். இந்த இரண்டு பேச்சும் கேட்காத வீடு அபூர்வம். அன்று நான் இருவர் சொன்னதையும் விட்டுவிட்டுக் கருவி சொன்னதை எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

மருத்துவமனைத் தூக்க ஆய்வகத்தில் தலை, கண்ணோரம், தாடை, கால் என்று இருபதுக்கும் மேற்பட்ட ஒயர்களை ஒட்டுவோம். பக்கத்து அறையில் விடிய விடியத் திரையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். வீட்டுப் பரிசோதனையில் அவ்வளவு கிடையாது. மூக்கில் கேனுலா என்ற ஒரு மெல்லிய குழாய், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஆளுக்கொரு பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப், எந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்று அறியும் ஒரு சின்ன உணரி. எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டியில் போய்ச் சேரும். 2023-இல் வந்த ஓர் ஆய்வில் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், இந்தியாவில் சுமார் 10.4 கோடிப் பேருக்குத் தூக்கத்தில் வரும் இந்த மூச்சடைப்பு இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அத்தனை பேரையும் படுக்கவைக்க ஆய்வகங்கள் கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் வழி. அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

ஒட்டுவதில்தான் பாதி வேலை. மீசை அடர்ந்தவருக்குக் கேனுலா மூக்கில் உட்காராமல் நழுவும். பிளாஸ்டரைக் கன்னத்தில் இழுத்து ஒட்ட வேண்டும். தாலிக்கொடி பட்டைக்கு அடியில் சிக்கினால் இரவெல்லாம் உறுத்தும். அதைக் கழற்றச் சொல்லக் கூடாது. பட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டினால் போதும். மருதாணி போட்ட விரலை விட்டு வேறு விரல் தேடுவேன். தறி, வெல்டிங் என்று உழைத்துக் காய்ப்பேறிய கைகளில் பெரும்பாலும் மோதிர விரல்தான் கைகொடுக்கும். கருத்த தோலில் இந்தக் கிளிப் சில நேரம் ஆக்சிஜனை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் எழுதினார்கள். நம் ஊரில் இந்த வேலை செய்கிறவர்கள் மறக்கக் கூடாத சங்கதி அது.

பாயில் படுக்கிறவரைக் கட்டிலில் படுக்கச் சொல்ல மாட்டேன். மொட்டை மாடியில் தூங்குகிறவர் அங்கேயே தூங்கட்டும். அவர் எப்படித் தூங்குவாரோ அப்படித் தூங்கினால்தான் அந்த இரவு அவருடைய இரவு.

மறுநாள் பதிவைத் திறந்தால் மூச்சு ஒரு கோடாக ஓடும், மலையும் பள்ளமுமாக. திடீரென்று அந்தக் கோடு தட்டையாகிவிடும். பத்து விநாடி அப்படிக் கிடந்தால் ஒரு நிறுத்தம் என்று கணக்கு. நாக்கும் அண்ணமும் பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிட்டன என்று அர்த்தம். கீழே நெஞ்சுப் பட்டையின் கோட்டைப் பார்த்தால் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். நெஞ்சு ஒரு பக்கம் இழுக்க, வயிறு எதிர்ப்பக்கம் இழுக்கும். மூடிய கதவை உள்ளேயிருந்து ஒருவர் தள்ளுகிறார். நெஞ்சும் அசையாமல் கிடந்தால் அது வேறு நோய். மூளையே மூச்சுவிடச் சொல்லவில்லை. நிறுத்தம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆக்சிஜன் கோடு சரியும். நுரையீரலில் குறைந்தது ரத்தத்தோடு விரல் வரை வந்து சேர வேண்டுமே. பிறகு ஒரு பெரிய உறுமல், கோடு நிமிரும். முற்றிய நோயாளிக்கு மணிக்கு முப்பது தடவைக்கு மேல் இது நடக்கும். காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது.

அந்த ஓட்டுநரின் பதிவு எட்டு மணி நேரம் ஓடியிருந்தது. கேனுலா நழுவவில்லை, கிளிப் விழவில்லை. மொத்தம் 36 நிறுத்தங்கள். எட்டால் வகுத்தால் மணிக்கு 4.5. ஐந்துக்குக் கீழே இருந்தால் இயல்பு. அப்படியே எழுதி மருத்துவரிடம் அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா மருத்துவமனைக்கு வந்தார். கையில் செல்போன். இருட்டில் எடுத்த வீடியோவில் படம் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். குறட்டை, அப்புறம் அமைதி. அந்த அமைதியில் அவர் வாய்விட்டு எண்ணுவது கேட்டது. இருபத்தாறு வரை எண்ணினார். அதற்கு முந்தைய வாரம்தான் கிருஷ்ணகிரி அருகே லாரி நடுத்தடுப்பில் உரசியிருந்தது. யாருக்கும் அடியில்லை. ஓட்டுநர் கண்ணசந்துவிட்டார்.

ஆய்வகத்தில் படுக்கவைத்தோம். மணிக்கு 38.

பிறகு அவரிடம் உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் வந்தது. இந்த மெஷின் லைசென்ஸைப் பிடுங்கிவிடுமோ என்ற பயத்தில் அன்று வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு விழித்தே கிடந்திருக்கிறார். எங்கள் பெட்டிக்கு மூளையலை தெரியாது. அசையாமல் படுத்திருப்பவனையும் தூங்குகிறவனையும் அது ஒன்றாகவே எண்ணும். அவர் மூன்று மணி நேரம்தான் தூங்கினார் என்றால் அதே 36 நிறுத்தங்கள் மணிக்கு 12 ஆகும். அரைகுறைத் தூக்கத்தில் கனவுத் தூக்கம் சரியாக வந்திருக்காது. தசைகள் முழுதாகத் தளர்ந்து நோய் உச்சத்துக்குப் போவது பலருக்கு அந்தக் கட்டத்தில்தான். நான் வகுத்தது படுத்திருந்த நேரத்தால்.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. சந்தேகம் பலமாக இருந்து வீட்டுப் பரிசோதனை இயல்பு என்று வந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பு என்று 2017-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி எழுதிவைத்த வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. படித்திருந்தேன். சந்தேகத்தைப் பலமாக்கும் சாட்சி அடுப்படி வாசலில் நின்று சொன்னதைத்தான் காதில் வாங்கவில்லை.

இப்போது பெட்டியோடு ஒரு தாளும் தருகிறேன். பக்கத்தில் படுப்பவர் எழுதவேண்டியது. எத்தனை மணிக்குத் தூங்கினார், நடுவில் எழுந்தாரா, மூச்சு நின்றதைப் பார்த்தீர்களா, மூன்றே கேள்வி. எழுதத் தெரியாதவர்கள் காலையில் சொல்வார்கள், நான் எழுதிக்கொள்வேன். தாளும் பதிவும் ஒத்துவராவிட்டால் அறிக்கை எழுத மாட்டேன். இதய பலவீனம், முற்றிய நுரையீரல் நோய், பக்கவாதம் உள்ளவர்களுக்குப் பெட்டியைக் கட்டுவதே இல்லை, நேராக ஆய்வகம்தான்.

இப்போது வீட்டுக்கு வீடு கேட்பது ஊசியைப் பற்றி. டிர்செபடைட் என்ற எடைக் குறைப்பு மருந்தை, உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சடைப்பும் உள்ளவர்களுக்குத் தரலாம் என்று 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. "ஊசி போட்டா மாஸ்க்கைத் தூக்கிப் போட்டரலாமுங்களா?" என்கிறார்கள். தூக்கத்தில் மூக்குக்குள் காற்றைச் செலுத்தும் சிபேப் மெஷினின் மாஸ்க்கைச் சொல்கிறார்கள். மருந்து நல்ல மருந்துதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த மெஷின் வைக்காதவர்களிடம் நடந்த ஆய்வில், தொடக்கத்தில் மணிக்குச் சராசரி 51.5 நிறுத்தம். ஒரு வருடத்தில் சுமார் 25 குறைந்தது. மீதி? சிலருக்கு முழுதாகத் தீர்ந்திருக்கும், பலருக்குப் பாதி நோய் அப்படியே இருக்கும். எடை இறங்கிய பிறகு மறுபடி அளக்காமல் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். அந்த மறு அளவுக்கு வீட்டுப் பெட்டியைப் போல வசதியானது வேறில்லை. 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்னொரு வழி, மார்புத் தோலுக்கடியில் சின்னக் கருவியைப் பதித்து நாக்கின் நரம்பைத் தூண்டுவது. 126 பேரிடம் நடந்த ஆய்வில் மணிக்கு 29 என்றிருந்த நடுமதிப்பு ஒரு வருடத்தில் 9 ஆனது. இரவில் தொண்டைத் தசையைத் தளரவிடாத மாத்திரைக்கும் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2024 முதல் கைக்கடிகாரங்களே மூச்சடைப்பு இருக்கலாம் என்று எச்சரிக்கின்றன. அது பரிசோதனைக்குப் போகச் சொல்லும் மணி, அவ்வளவுதான்.

எங்கள் ஓட்டுநருக்கு ஊசி பொருந்தாது. ஒல்லியான மனிதர், தாடை சிறியது, தொண்டை குறுகல். குண்டானவர்களுக்குத்தான் இது வரும் என்று நம்புகிறவர்களுக்கு அவரைக் காட்ட வேண்டும். அவருக்குச் சரிவந்தது பழைய சிபேப் மெஷின்தான். 1980-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் தூசு உறிஞ்சும் மெஷினின் மோட்டாரைத் திருப்பி வைத்துக் காற்றை மூக்குக்குள் செலுத்திப் பார்த்ததில் பிறந்தது. அதற்கு முன்னால் கடுமையான நோயாளிக்குத் தொண்டையில் துளை போடுவதே கதி. முதல் பத்து நாள் ஓட்டுநர் மாஸ்க்கைக் கழற்றி எறிந்தார். மூன்று அளவு மாற்றிப் பார்த்த பிறகு ஒன்று பொருந்தியது. லாரி பேட்டரியில் ஓட ஒரு கன்வெர்ட்டர் வாங்கிக் கேபினிலேயே வைத்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து, மெஷின் போட்டிருக்கும்போது ஆக்சிஜன் எப்படி நிற்கிறது என்று பார்க்க அதே வீட்டுக்குப் போனேன். கிளிப்பை மாட்டிவிட்டு, பழக்கப்படி தாளை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். காலையில் ஆக்சிஜன் கோடு நேராக ஓடியிருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். மூச்சு நின்றதைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு எதிரே பென்சிலில் எழுதியிருந்தார்: "தெரியலீங்க தம்பி. நானும் தூங்கிப்போட்டேன்."