பணம் எவ்வளவு, பணம் யாருடையது

சென்ற வாரம் மும்பையிலிருந்து அக்கா மகள் தொலைபேசியில் அழைத்தாள். வணிகவியல் இளங்கலை முடித்திருக்கிறாள். எழுதிய இரண்டு நுழைவுத் தேர்வுகளிலும் தேறிவிட்டாள். ஒன்று ஈராண்டு மேலாண்மைப் படிப்பு. மற்றொன்று மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. நிதித்துறையில்தான் பணியாற்றுவது என்பதில் அவளுக்கு ஐயமில்லை. எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்பதே கேள்வி. கட்டணம் செலுத்த ஐந்து நாள் அவகாசம். “நீங்க ரெண்டையும் பார்த்தவர், நீங்களே சொல்லுங்க மாமா” என்றாள். இதே கேள்வியோடு என்னிடம் வரும் மாணவர்கள் பலர் என்பதால், அவளுக்குச் சொன்னதை இங்கும் எழுதி வைக்கிறேன்.

நான் மேலாண்மை படித்து, ஒரு வங்கியின் பெருநிறுவனக் கடன் பிரிவில் ஆறு ஆண்டுகள் இருந்தவன். பிறகு வேலையை விட்டுச் சட்டம் படித்தேன். இப்போது தில்லியில் நொடிப்புச் சட்டம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன்.

முதலில் கணக்கைப் பேசினோம். முன்னணி மேலாண்மைக் கழகங்களில் ஈராண்டுக் கட்டணம் இன்று 20 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அரசுச் சட்டக் கல்லூரிகளில் ஆண்டுக்குச் சில ஆயிரங்களே. ஆனால் கட்டணம் மட்டுமே செலவன்று. மேலாண்மை படித்தவருக்கு வளாகத்திலேயே வேலை கிடைக்கக்கூடும். அந்த முதல் வேலையைத் தேர்ந்தெடுப்பது அவருடைய விருப்பமாக இராது, கல்விக் கடனின் மாதத் தவணையாக இருக்கும். சட்டம் படித்தவர் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் சொற்பத் தொகைக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். அந்தக் காத்திருப்பைத் தாங்கக்கூடிய வீடு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அடுத்து, ஒவ்வொரு படிப்பும் உண்மையில் எதைத் தருகிறது என்று பார்த்தோம். கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தோன்றியது 1961-இல். வழக்கறிஞர்கள் சட்டம் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். முன்னது வேலை தருவோரை மாணவரின் வாசலுக்கே வரவழைக்கிறது. இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கவும் ஒரு நிறுவனத்தை மதிப்பிடவும் புத்தகங்களை வைத்துக்கொண்டே கற்றுவிடலாம். அந்த வாசலைப் புத்தகத்திலிருந்து பெற முடியாது. பின்னது உரிமம் தருகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முழுநேரச் சம்பளத்தில் பணிபுரிபவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய பார் கவுன்சில் விதிகள் இடம் தருவதில்லை. வங்கியின் சட்டப் பிரிவில் சேர்பவர் அந்த உரிமத்தை ஒதுக்கி வைத்துவிட்டே சேர வேண்டும். பலருக்கு இது சேரும் நாளில்தான் தெரியவருகிறது.

இவ்வளவும் எந்த ஆலோசகரும் சொல்லக்கூடியவை. அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது வேறொன்று.

அவளுடைய தந்தை அட்டைப்பெட்டிப் பட்டறை நடத்துபவர். அவரிடம் பெட்டி வாங்கிக்கொண்டிருந்த ஒரு நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் நொடித்துப்போனது. வரவேண்டிய தொகையில் மிகச் சிறிய பங்கே அவர் கைக்கு வந்தது. அந்த ஆண்டு அக்கா தன் வளையல்களை அடகு வைத்தாள். மகள் நிதித்துறையைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த ஆண்டுதான் காரணம் என்பதை நாங்கள் யாரும் பேசிக்கொண்டதில்லை.

அதே காலத்தில் நான் வங்கியில் வேறு நிறுவனங்களின் கணக்குகளைப் படித்துக்கொண்டிருந்தேன். சரக்குத் தந்தவர்களுக்குப் பணம் தரும் நாட்களை நீட்டினால் நடைமுறை மூலதனத் தேவை குறையும் என்று வகுப்பில் கற்றிருந்தேன். ஒரு நிறுவனம் 60 நாட்களை 110 நாட்களாக நீட்டியிருந்ததைக் கண்டு, சிறப்பான நிர்வாகம் என்று கடன் குறிப்பில் எழுதியவன் நான். சிறுதொழில் நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்வது எனக்கு அப்போது தெரியாது. என் ஈராண்டுப் படிப்பில் அச்சட்டத்தின் பெயரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்தக் கூடுதல் 50 நாட்கள் என் மைத்துனரைப் போன்ற ஒருவருடைய நாட்கள் என்று எனக்குத் தோன்றவுமில்லை. இருப்புநிலைக் குறிப்பில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே வரி.

அந்த வரியைப் பிரித்துப் பார்க்கவே சட்டம் படிக்கப் போனேன். பணம் எவ்வளவு என்று ஒரு கல்லூரி கேட்கிறது. அது யாருடையது என்று மற்றொன்று கேட்கிறது. நிறுவனம் செழிக்கும்போது முதல் கேள்வியே போதும். சரியும்போது இரண்டாவது கேள்விதான் எஞ்சுகிறது. ஆகவே சட்டத்தையே படி என்றேன்.

அவள் விடவில்லை. அப்பாவின் பணம் எப்படிப் போனது என்று கேட்டாள். 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தை விளக்கினேன். கடனீந்தோர் குழுவில் அமர்பவை பெரும்பாலும் வங்கிகள். மீட்புத் திட்டத்தை ஏற்க 66 விழுக்காட்டு வாக்கு வேண்டும். சரக்குத் தந்தவருக்குப் பொதுவாக அங்கே வாக்கு இல்லை. எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019-இல் இரு தரப்பாரையும் சமமாக நடத்தச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, தொகையைப் பகிர்வது குழுவின் வணிக அறிவுக்கு உட்பட்டது, நீதிமன்றம் அதில் தன் முடிவைத் திணிக்காது என்றது.

சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு, “சட்டமே அந்தக் குழுகிட்ட விட்டுடுச்சுன்னா, நான் அந்தக் குழுவுல இல்ல உட்காரணும்?” என்றாள்.

லோதி சாலையில் உள்ள கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் விசாரணைகளைக் குறிப்பெடுத்தபடி எத்தனையோ நாட்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். சிறு கடனீந்தோரின் வழக்கறிஞர்கள் இரண்டு நிமிடம் பேசி அமர்வதைக் கண்டிருக்கிறேன். முடிவு ஏற்கெனவே வேறோர் அறையில் எடுக்கப்பட்டுவிட்டது என்பதை என் ஆய்வேட்டிலேயே எழுதியும் இருக்கிறேன். அதிலிருந்து அவள் எடுத்த முடிவை நான் எடுத்திருக்கவில்லை.

“அந்த அறையில நீங்க இருந்தீங்களே மாமா, அப்பா மாதிரி ஆளுங்களைப் பத்தி யாராவது பேசினாங்களா?” என்று அடுத்துக் கேட்டாள்.

இல்லை என்றேன். நானும் பேசியதில்லை என்பதையும் சொன்னேன்.

மேலாண்மைப் படிப்புக்கே கட்டணம் செலுத்தியிருக்கிறாள், வங்கிக் கடனில். அந்தத் தவணை அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்ற அச்சம் எனக்கு இன்னும் இருக்கிறது. அந்த நாற்காலியில் அமர்பவர்களை அந்த நாற்காலியே மாற்றிவிடும் என்பதற்கு நானே சான்று. ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன். வகுப்பில் எந்த நிறுவனத்தின் கணக்கைக் கொடுத்தாலும், தரவேண்டிய வணிகக் கடன் என்ற வரிக்குப் பின்னால் இருப்பவர்கள் யார், அவர்களுக்குச் சட்டம் என்ன தருகிறது என்று ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பவேண்டும். ஒப்புக்கொண்டாள்.

இவ்விரு படிப்புகளுக்கிடையே தயங்கி நிற்கும் மாணவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றதின் கேள்வியை வேலைக்குப் போகும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். நான் ஆறு ஆண்டுகள் தாமதித்தேன்.