அம்மாவின் வத்தக்குழம்பை விழுங்கிய நட்சத்திரம்!

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் இணையத்தில் எழுதிவந்த சமையல் குறிப்புகள் மட்டும் மூத்த மகளின் லேப்டாப்பில் ஹெச்டிஎம்எல் ஃபைல்களாக மிச்சம். வத்தக்குழம்பில் 'சாம்பார் பொடிக்கு இங்கே' என்று ஒரு லிங்க் இருக்கும். தொட்டால் ஒன்றும் வராது. பழைய தளத்தையே மூடிவிட்டார்கள்.

தங்கையின் தலைதீபாவளிக்குள் அத்தனை லிங்க்கையும் புதுப் பொருளடக்கப் பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும் என்று நினைத்தாள் அக்கா. ஒவ்வொன்றாகத் திருத்தப் பொறுமை இல்லை. கையில் எடுத்தது 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்'.

சாதாரணத் தேடலில் சரியான வார்த்தையைக் கொடுக்க வேண்டும். இதில் 'இப்படித் தொடங்கி இப்படி முடிகிற எதையும் பிடி' என்று சொன்னால் போதும். கணித மேதை ஸ்டீபன் க்ளீனி 1950-களில் விதை போட்டார். 1968-ல் கென் தாம்ப்சன் அதைக் கணினித் தேடலுக்குக் கொண்டுவந்தார்.

அவள் எழுதியது இதுதான்: ஹெச்ரெஃப், சமக்குறி, இரட்டை மேற்கோள், புள்ளி, நட்சத்திரம், மறுபடி மேற்கோள். புள்ளி என்றால் ஏதோ ஓர் எழுத்து. நட்சத்திரம் என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும்.

ஒரே நொடி. வத்தக்குழம்பில் பாதியைக் காணோம்!

நட்சத்திரத்துக்குப் பேராசை. முதல் லிங்க்கின் மேற்கோளில் ஆரம்பித்து, அந்த வரியின் கடைசி மேற்கோள்வரை விழுங்கிவிடும். அம்மாவோ முழுக் குறிப்பையும் ஒரே வரியாக அடித்திருந்தார். 'புளியோட பச்சை வாசனை போகட்டும், அவசரப்படாதே' என்று நடுவில் எழுதியிருந்ததும் அதோடு போயிற்று. நல்லவேளை, பென் டிரைவில் ஒரு நகல் இருந்தது.

அடுத்த முறை, புள்ளிக்குப் பதில் 'மேற்கோள் அல்லாத எழுத்து' என்று மாற்றினாள். எதுவும் காணாமல் போகவில்லை. 34 லிங்க் சிக்கின. ஆனால் சில இன்னும் செத்தே கிடந்தன. அம்மா சில இடங்களில் ஒற்றை மேற்கோள் போட்டிருந்தார், சில இடங்களில் மேற்கோளே போடவில்லை. பிரவுசர் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். ரெகுலர் எக்ஸ்பிரஷன், சொன்னதை மட்டும்தான் பார்க்கும்.

கடைசியில், ஹெச்டிஎம்எல்லைப் படித்துப் பிரித்துத் தரும் பைத்தான் நிரல் தொகுப்பு ஒன்றைப் பிடித்தாள். அதன் பெயரே 'பியூட்டிஃபுல் சூப்'! மேற்கோள் எப்படி இருந்தாலும் அது கவலைப்படவில்லை. மொத்தம் 41 லிங்க்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி தங்கையிடமிருந்து போன்.

"அக்கா, சாம்பார் பொடி வந்துடுச்சு. அந்த 'அவசரப்படாதே' இருக்கே... அம்மா பக்கத்துல நின்னு சொல்ற மாதிரியே இருக்குக்கா."

அக்கா பென் டிரைவைப் பத்திரமாக எடுத்து வைத்தாள்.