ஒரு 'என்' விட்டுப்போச்சு!

பேக்கப் எடுக்கிற பழக்கம் இருக்கா பாஸ்? 'ஓ... இருக்கே!' என்று காலரைத் தூக்கிவிடுகிற ஆளா நீங்கள்? அப்படின்னா இந்தக் கதை உங்களுக்குத்தான். 2006-ல் நானும் அப்படித்தான் திரிந்துகொண்டிருந்தேன்.

அப்போது நான் எம்.சி.ஏ. இரண்டாம் வருஷம். எங்கள் லேபில் ஒரு லினக்ஸ் சர்வர். அதற்குப் புதுசாக ஒரு டேப் டிரைவ் வந்து இறங்கியது. 'டாட் 72' ரகம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட், அதற்குள் 36 ஜி.பி.! பென் டிரைவ் என்றாலே 256 எம்.பி.தான் என்றிருந்த எங்களுக்கு அது அதிசயப் பெட்டி. "தம்பி, நீதான் லினக்ஸ் லினக்ஸ்னு சுத்துறியே, நீயே செட் பண்ணிடு" என்றார் லேப் சார். விடுவேனா?

ஒரே ராத்திரியில் ஸ்கிரிப்ட் ரெடி. தினமும் 11 மணிக்கு மூன்று ஃபோல்டர்கள் டேப்புக்குப் போகும். முதலில் மாணவர்களின் புராஜெக்ட், அடுத்து இன்டர்னல் மார்க், கடைசியாக லைப்ரரி புத்தகப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு 'டார்' கட்டளை. காலையில் போய்ப் பார்த்தால் மூன்றுக்கும் 'சக்சஸ்'. மூணு மாசம் இப்படியே ஓடியது. எனக்குள் ஒரு குட்டி பில் கேட்ஸ் வளர்ந்துகொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை சர்வரின் ஹார்டு டிஸ்க் 'டக்... டக்...' என்று நாலு தடவை முனகிவிட்டு மூச்சை நிறுத்தியது. எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை, என்னைத் தவிர! "டேப் இருக்கு சார்" என்று கெத்தாகக் கேசட்டைச் செருகினேன்.

உள்ளே லைப்ரரி பட்டியல் இருந்தது. லைப்ரரி பட்டியல் மட்டும்தான் இருந்தது.

என்ன நடந்தது தெரியுமா? லினக்ஸில் ஒரே டேப் டிரைவுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று 'எஸ்.டி. ஜீரோ', இன்னொன்று 'என்.எஸ்.டி. ஜீரோ'. முதல் பெயரில் எழுதினால், எழுதி முடித்ததும் டேப் தானாகவே ஆரம்பத்துக்குச் சுற்றிக்கொண்டு போய்விடும். 'என்' சேர்த்த பெயரில் எழுதினால், நின்ற இடத்திலேயே நிற்கும். நான் அந்த 'என்'னை விட்டுவிட்டேன். புராஜெக்ட் மேலேயே மார்க், மார்க் மேலேயே லைப்ரரி என்று ராத்திரிக்கு ராத்திரி நானே அழித்து எழுதியிருக்கிறேன்! எழுதி முடிந்த இடத்தில் 'டேட்டா இத்தோடு சரி' என்று டேப்பில் ஒரு குறி விழும். அதைத் தாண்டி டிரைவ் படிக்காது.

சார் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதை ஒரு தடவையாவது திருப்பி எடுத்துப் பாத்தியா?"

என்னிடம் பதில் இல்லை.

மார்க் விஷயம் பரவாயில்லை, டிபார்ட்மென்ட் ரெஜிஸ்டரில் பேனாவால் எழுதியது இருந்தது. மூணாம் வருஷ அக்கா ஒருத்தரின் புராஜெக்ட்தான் போயே போச்சு. ஒன்பது நாளில் வைவா. அழுவார் என்று நினைத்தேன். ஒரு கட்டு பிரின்ட் அவுட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "பாதி கோட் இதுல இருக்கு. நீ வாசி, நான் டைப் பண்றேன்." நாலு சாயங்காலம் செமிகோலன் முதற்கொண்டு வாசித்தேன். மீதிப் பாதியை அவர் யோசித்து யோசித்துத் திரும்ப எழுதினார். வைவா முடிந்தது, அவர் பாஸ். ஆனால் அந்த நாலு சாயங்காலம் எனக்கு இன்னும் முடியவில்லை.

இப்போது என் வேலையே பேக்கப் சர்வர்தான். கேசட்டும் வளர்ந்துவிட்டது, எல்.டி.ஓ.-9 ரகமே சுருக்காமல் 18 டி.பி. பிடிக்கிறது. ஆனால் லினக்ஸில் அந்த இரண்டு பெயர்களும் அப்படியே இருக்கின்றன. அதனால் புது டிரைவ் வந்தால் நான் செய்வது இதுதான். சர்வரை அணைத்துவிட்டுத்தான் கேபிளைச் செருகுவேன். பழைய கேசட்டுகளின் ஓரத்தில் இருக்கும் பூட்டுத் தாழை முதலில் தள்ளிவிடுவேன், அப்புறம் யாரும் தப்பித்தவறிகூட அதில் எழுத முடியாது. சோதனைக்கு வெறும் கேசட் மட்டும்தான். இரண்டு டிரைவ் இருந்தால் ரீபூட்டில் ஜீரோ ஒன்றாகலாம், ஒன்று ஜீரோவாகலாம். அதனால் நம்பரை நம்பாமல், சீரியல் எண்ணோடு வரும் நிரந்தரப் பெயரைத்தான் ஸ்கிரிப்டில் போடுவேன், மறக்காமல் 'என்' சேர்த்து! பேக்கப் ஓடுவது ரூட் பெயரில் இல்லை, 'டேப்' குரூப்பில் சேர்த்த தனி யூசர் பெயரில். கடைசியாக, எழுதியதை வேறொரு ஃபோல்டரில் திருப்பி எடுத்து, ஒரிஜினலோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். அதுவரைக்கும் 'சக்சஸ்' என்ற வார்த்தையை நம்புவதில்லை.

'இந்தக் காலத்துல போய் டேப்பா?' என்று சிரிக்காதீர்கள். 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு சாஃப்ட்வேர் கோளாறு. 0.02 சதவிகிதம் பேரின் மெயில்கள் காணாமல் போயின. பல டேட்டா சென்டர்களில் காப்பி வைத்திருந்தும், அந்தக் கோளாறு காப்பிகளையும் பதம் பார்த்துவிட்டது. கூகுள் அவற்றை மீட்டது எதிலிருந்து தெரியுமா? டேப்பிலிருந்து! கழற்றி அலமாரியில் வைத்த கேசட்டை வைரஸும் தொடாது, தப்பான கட்டளையும் தொடாது.

உங்களிடம் டேப் டிரைவ் இருக்காது. ஆனால் ஃபைனல் இயர் புராஜெக்ட் இருக்கும், ஏதோ ஒரு பென் டிரைவிலோ ஆன்லைனிலோ அதன் காப்பியும் இருக்கும். இன்று ராத்திரி தூங்கப் போவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரே ஒரு ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். திறக்காவிட்டால், இன்னிக்கே தெரிஞ்சுதேன்னு சந்தோஷப்படுங்க!