தட்டையும் எடை போடுங்கள்

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியின் வார்ப்புக்கூடம். காலை ஒன்பதரை மணிக்கே உள்ளே அனல் வீசியது. மின் உலையின் எண்பலகை 750 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. மூசைக்குள் எல்.எம்.25 என்ற அலுமினிய உலோகக்கலவை கண்ணாடி போல மின்னியது. இதில் சுமார் 7 சதவீதம் சிலிக்கான், சிறிதளவு மெக்னீசியம், மீதி பெரும்பாலும் அலுமினியம்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்” என்றார் உலையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். வார்ப்பு அச்சை ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தார். அதில் துளி ஈரம் இருந்தாலும் உருகிய உலோகம் வெடித்துச் சிதறும்.

அலுமினியத்தின் எடை இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வண்டியின் எடையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். ஆனால் அது மென்மையானது. உரசினால் தேயும், சூடேறினால் எதிரே உள்ள உலோகத்தோடு ஒட்டிப் பிய்யும். உப்புத்தாளிலும் சாணைக்கல்லிலும் இருக்கும் சிலிக்கான் கார்பைடு துகள்களை அலுமினியத்துக்குள் கலந்து அந்தக் குறையைத் தீர்க்க முடியுமா என்று பார்க்கிறார்கள். அந்தச் சோதனையைக் காணத்தான் சென்றிருந்தேன்.

ஆராய்ச்சி மாணவி 900 கிராம் உலோகத்துக்கு 100 கிராம் துகள் நிறுத்து வைத்திருந்தார். அது வேறொரு சிறு உலையில் சுட்டு எடுத்த துகள். சுடும்போது ஈரமும் ஒட்டியிருந்த வாயுவும் போய்விடுகின்றன; 1000 டிகிரியை ஒட்டிச் சுட்டால் துகளின் மேல் மெல்லிய சிலிக்கா படலமும் உண்டாகிறது. “பச்சையாப் போட்டா அலுமினியம் அதை ஏத்துக்காதுங்க சார். தாமரை இலைத் தண்ணி மாதிரி விலகிரும்” என்றார். உலோகம் துகளை நனைப்பதற்கென்று 1 சதவீதம் மெக்னீசியத்தை அலுமினியத் தாளில் சுற்றி மூசைக்குள் அமிழ்த்தினார்.

கலக்கியை இறக்கியதும் நிமிடத்துக்கு 500 சுற்று வேகத்தில் உருகல் சுழன்று நடுவில் பள்ளம் விழுந்தது. உப்புமாவுக்கு ரவை தூவுவது போல, அந்தச் சுழிக்குள் துகளைச் சிறுகச் சிறுகத் தூவினார்கள். அவசரப்பட்டால் கட்டி தட்டும். கலக்கியை எடுத்த பிறகு தாமதித்தால் வேறொரு சிக்கல்: உருகிய அலுமினியத்தின் அடர்த்தி 2.4, துகளின் அடர்த்தி 3.2. துகள் மெல்ல அடியில் படியத் தொடங்கும். பெரியவர் கசடை ஒதுக்கிவிட்டு ஒரே மூச்சில் அச்சில் ஊற்றினார்.

இந்த முறை நம் நாட்டில் வளர்ந்தது. 1960களின் இறுதியில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் எஸ். ரே, உருகிய அலுமினியத்தைக் கலக்கி அதில் அலுமினா துகள்களைச் சேர்த்துக் காட்டினார். மலிவான முறை என்பதால் உலகெங்கும் பரவியது.

அடுத்த அறையில் தேய்மானச் சோதனை. முந்தைய வார்ப்பிலிருந்து லேத்தில் கடைந்த 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஊசிகள் தயாராக இருந்தன. துகள் கலந்த ஊசிகளைக் கடையவே வைர முனை வேண்டியிருந்ததாம். சாதாரணக் கருவியின் முனை சீக்கிரம் மழுங்கிவிடுகிறது. மாணவி ஊசியை அசிட்டோனில் கழுவி, மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் நிறுத்தார். பிறகு சுழலும் எஃகுத் தட்டின் மேல் 20 நியூட்டன், அதாவது சுமார் 2 கிலோ பாரத்தில் அழுத்திவிட்டார். தட்டு கடினப்படுத்திய ஈ.என்.31 எஃகு. நொடிக்கு 2 மீட்டர் வேகம், 2000 மீட்டர் தூரம். 17 நிமிடத்தில் முடிந்தது.

முதலில் துகள் சேர்க்காத ஊசி. பாரத்தைக் கூட்டியதும் சத்தம் மாறியது, தட்டின் ஓரத்தில் பளபளக்கும் செதில்கள் விழுந்தன. உலோகம் தகடு தகடாகப் பிய்வதன் அடையாளம் அது. அடுத்து துகள் கலந்த ஊசி. அதே பாரத்தில் கருமையான மெல்லிய பொடி மட்டும் உதிர்ந்தது. கடினத் துகள்கள் பாரத்தைத் தாங்கிக்கொள்ள, ஊசியின் முகத்தில் ஒரு கரும்படலம் படிந்திருந்தது. அந்தப் படலம்தான் அலுமினியத்தைக் காக்கிறது.

ஆனால் அதில் இருப்பது பெருமளவு இரும்பு ஆக்சைடு. அந்த இரும்பு எங்கிருந்து வந்தது?

“தட்டுல இருந்துதாங்க சார்” என்றார் மாணவி. தட்டைக் கழற்றிக் காட்டினார். ஊசி ஓடிய வட்டத்தில் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுப்பட்டது. அலுமினியம் தேயாமல் இருந்ததற்கு எஃகு விலை கொடுத்திருந்தது.

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் இன்னொன்றும் தெரிந்தது. துகள் சீராகப் பரவி இறுகப் பிடித்திருந்த இடத்தில் மெல்லிய கோடுகள் மட்டும். கட்டி தட்டிய இடத்தில் துகள்கள் பெயர்ந்து குழி விழுந்திருந்தது. பெயர்ந்த துகள் இரண்டுக்கும் நடுவில் சிக்கி ஊசியையும் தட்டையும் சேர்த்தே அரைக்கிறது. துகளைக் கூட்டிக்கொண்டே போனால் தேய்மானம் குறைந்துகொண்டே போகும் என்ற நம்பிக்கை அந்தக் குழிகளோடு சரிந்தது.

இப்படி வலுவூட்டிய அலுமினியம் சோதனைக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. 1983இல் டொயோட்டா தன் டீசல் எஞ்சின் பிஸ்டனில், வளையம் உரசும் இடத்தை மட்டும் பீங்கான் இழைகளால் வலுப்படுத்தியது. 1996இல் வந்த லோட்டஸ் எலிஸ் காரின் தொடக்க வண்டிகளுக்கு அலுமினியம்–சிலிக்கான் கார்பைடு பிரேக் தட்டுகள் பொருத்தினார்கள். அத்தகைய தட்டுக்குச் சாதாரண பிரேக் கட்டை ஒத்துவராது; அதற்கென்றே கட்டையைத் தயாரிக்க வேண்டும். உரசும் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால்தான் வேலை நடக்கும்.

தேய்மானம் என்பது ஒரு பொருளின் தனிக் குணம் அன்று, சேர்ந்து உரசும் ஜோடியின் குணம். ஊசியின் எடை இழப்பை மட்டும் எழுதி வெற்றி என்று முடிக்கும் ஆய்வு பாதிக் கணக்குதான். எஞ்சினுக்குள் பிஸ்டன் பிழைத்து சிலிண்டர் கெட்டால் வண்டிக்காரருக்கு என்ன லாபம்? இத்துறையில் இறங்கும் மாணவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே: சோதனை முடிந்ததும் ஊசியோடு தட்டையும் கழற்றுங்கள், கழுவுங்கள், அதன் தேய்மானத்தையும் அளந்து எழுதுங்கள்.